புரட்டாசிக் காய்ச்சல்

நாமக்கல்லில் கோழிக்குச் சீக்கு வந்து ஆறு வருடமாகிறது. கோழி மருத்துவம் படித்த எனக்கு இதைவிட அவமானம் வேறு வேண்டாம். பண்ணைக்குப் போனால் டீ கொடுக்கிறார்கள், என் மகனுக்குப் பெண் பார்த்தாயிற்றா என்று விசாரிக்கிறார்கள், புறப்படும்போது ஒரு அட்டை முட்டையை வண்டியில் வைத்து அனுப்புகிறார்கள். ஊசி போடுங்கள், மருந்து எழுதுங்கள் என்று ஒருவரும் கேட்பதில்லை.

எல்லாம் தழைச்சாறு செய்த வேலை. தயாரித்த கம்பெனி அதற்கு வாயில் நுழையாத ஒரு பெயர் வைத்திருந்தது. தீவன ஆலையில் தழைச்சாறு என்றார்கள், அதுவே நிலைத்துவிட்டது. ஆன்டிபயாடிக் போட்டு வளர்த்த கோழியை எந்த நாடும் வாங்காது என்றாகி, அரசாங்கமும் அதை ஒரேயடியாகத் தடை செய்து, கொட்டகை கொட்டகையாகக் கோழிகள் சுருண்டு விழுந்துகொண்டிருந்த காலத்தில் அது வந்தது. கொல்லிமலைச் சரிவில் படரும் ஒரு கொடியின் இலைச்சாறு. தீவனத்தில் துளி கலந்தால் போதும்.

ஆலையில் கலவைப் பிரிவுக்கு மேற்பார்வையாளர் கோவர்த்தனன். நான் அதே ஆலையின் மருத்துவர்; குவார்ட்டர்ஸில் அவர் என் அடுத்த வீட்டுக்காரர். முதல் பீப்பாய் வந்து இறங்கிய அன்று என்னிடம் கேட்டார்:

"ஏனுங்க மேடம், இது கிருமியைக் கொல்லாதாமே? கொல்லாத மருந்து என்ன மருந்துங்க?"

"கொன்னாத்தான் வம்பு. சாகாம மிஞ்சுற நாலு கிருமி முரடாப் பெருகும். அடுத்த வருஷம் அதே மருந்து கேக்காது. இத்தனை நாள் அப்படித்தானே ஆச்சு?"

"செரி, இது என்ன பண்ணுமுங்க?"

"கிருமி தனியா இருக்கறப்ப வாலாட்டாது. ஒண்ணுக்கொண்ணு சேதி அனுப்பிக்கும். கூட்டம் போதுமான அளவு சேர்ந்துடுச்சுன்னு தெரிஞ்சதும், எல்லாம் ஒரே நேரத்துல விஷத்தைக் கக்கும். இந்தச் சாறு அந்தச் சேதி போகாம மறிச்சிடும். அது பாட்டுக்கு உள்ளே கிடக்கும், கோழி பாட்டுக்கு மேயும்."

"அப்ப கூட்டம் கலையாதுங்களா?"

"கலையாது. சும்மா இருக்கும்."

அவர் பீப்பாயை ஒரு தட்டுத் தட்டிவிட்டு, "நம்ம யூனியன் ஆளுங்களுக்கும் ரெண்டு சொட்டுக் குடுக்கலாமுங்க" என்று சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். இலைச்சாறுதானே என்று எல்லோருக்கும் ஒரு தைரியம். ரசாயன மருந்தாக இருந்தால் ஆயிரம் கேள்வி கேட்டிருப்பார்கள். மூலிகை என்ற சொல்லைக் கேட்டதும் அதிகாரிகள் முதல் அம்மாக்கள் வரை முகம் மலர்ந்துவிட்டது. அந்தச் சாறு கோழியின் ஈரலில் வேறொன்றாக மாறி, கொழுப்பிலும் மஞ்சள் கருவிலும் தங்குகிறது என்று அறிக்கையிலேயே இருந்தது. தின்பவருக்குக் கெடுதல் இல்லை என்றும் இருந்தது. அதுவும் பொய்யில்லை. தின்றுகொண்டிருக்கும்வரை கெடுதலே இல்லை.

புரட்டாசி என்றால் எங்கள் ஊரில் கோழிக்கும் முட்டைக்கும் ஓய்வு. சனிக்கிழமை வீட்டுக்கு வீடு பெருமாளுக்குத் தளிகை. நாமம் போட்ட பிள்ளைகள் செம்பைத் தூக்கிக்கொண்டு கோவிந்தா சொல்லித் தெருத்தெருவாக அரிசி வாங்குவார்கள். முட்டை விலை பாதாளத்துக்குப் போகும். பண்ணைக்காரர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு பெருமாளைக் கும்பிடும் மாதம் என்று நான் கேலி செய்வதுண்டு. கோவர்த்தனன் வீட்டில் மட்டும் கேலிக்கு இடமில்லை. அவர் மனைவி ரங்கநாயகி அந்த மாதம் முழுவதும் பாத்திரத்தைக்கூட மாற்றிவிடுவாள். அவர்கள் மகள் நிவாஷினி ஆறாம் வகுப்பு. எங்கள் வீட்டில் பிரியாணி வாசம் வந்தால் மதில் மேல் தலை தெரியும். புரட்டாசியில் மட்டும் மூக்கைப் பொத்திக்கொண்டு, "சபுரா பெரீம்மா, ஜன்னலைச் சாத்துங்க, எனக்குப் பாவம் வந்துரும்" என்று கத்துவாள்.

சென்ற வருடப் புரட்டாசியில் அங்கங்கே காய்ச்சல் கண்டது. வயதானவர்கள் சிலர் போனார்கள். டெங்கு என்றார்கள், தண்ணீர் சரியில்லை என்றார்கள். ஐப்பசி பிறந்ததும் எல்லாம் அடங்கிவிட்டது. இந்த வருடம் மூன்றாம் சனிக்கிழமைக்குள் அரசு ஆஸ்பத்திரி வராந்தாவில் படுக்க இடமில்லை. இம்முறை குழந்தைகள்.

நிவாவுக்குக் காய்ச்சல் வருவதற்கு முன்னால் ஒன்று நடந்திருந்தது. பள்ளியில் யாருக்கோ பிறந்தநாள். முட்டை பப்ஸ் கொடுத்திருக்கிறார்கள். விரத ஞாபகமில்லாமல் வாங்கித் தின்றுவிட்டாள். வீட்டுக்கு வந்து அவளே அழுதுகொண்டே அம்மாவிடம் சொல்லியும்விட்டாள். ரங்கநாயகி அவளைக் குளிக்கவைத்து, பெருமாள் படத்துக்கு முன்னால் தோப்புக்கரணம் போடவைத்து, நைனாமலைப் பெருமாள் கோயில் படியேறி மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நேர்ந்துகொண்டாள். அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை பிஸ்கட்டைக்கூட, "இதுல முட்டை இருக்குதாம்மா?" என்று கேட்காமல் வாயில் வைக்கவில்லை. சனிக்கிழமை மலையேறினாள். புதன்கிழமை உடம்பு கொதித்தது. எந்த ஊசிக்கும் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பிணமாகத் தூக்கி வந்தார்கள்.

நான் பெறாத பிள்ளைதான். ஆனாலும் மதிலைப் பார்க்கும்போதெல்லாம் மேலே தலை தெரிகிறதா என்று தேடுகிறேன்.

"அந்தப் பப்ஸ்தானுங்க்கா எமனா வந்துச்சு" என்று என் தோளில் விழுந்து அழுதாள் ரங்கநாயகி. "பெருமாள் மன்னிக்கலீங்க்கா. நான்தான் சாமான் கழுவற மாதிரி அவளைக் கழுவி வுட்டேன். அப்பவும் போதலை."

சாவு வீட்டில் கருமாதி முடியும்வரை கவுச்சி கூடாது. ஊர் வழக்கம் அது. அந்த வழக்கம்தான் என் கண்ணைத் திறந்தது. ஐப்பசி பிறந்தால் காய்ச்சல் ஓடிவிடும் என்று எல்லோரும் இருந்தோம். ஊரில் ஓடியும்விட்டது. சாவு விழுந்த வீடுகளில் மட்டும் ஓடவில்லை. மகன் போன வீட்டில் தாய், தாத்தா போன வீட்டில் பேரன் என்று, கருமாதிக்குள் இன்னொரு பாடை கிளம்பியது. செத்த நேரத்து நட்சத்திரம் சரியில்லை, வீட்டுக்கு அடைப்பு என்றார்கள். வீட்டைப் பூட்டிவிட்டுப் போனவர்களும் உண்டு. பயத்தில் விரதத்தை இன்னும் இறுக்கினார்கள். எங்கள் ஆட்கள் குடியிருக்கும் பள்ளிவாசல் தெருவில் ஒரு வீட்டில்கூடக் காய்ச்சல் இல்லை. நான் தெருவில் நடந்தால் சிலர் பேச்சை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். நானும் அதையேதான் யோசித்துக்கொண்டிருந்தேன். எங்களுக்கு மட்டும் ஏன் வரவில்லை?

லேபில் இருந்ததை வைத்துச் சோதித்தேன். கோழிகளுக்குச் சாறில்லாத தீவனம் போட்டு ஒரு கூண்டைத் தனியே வைத்தேன். கோழி உடம்பில் சாறு சீக்கிரம் வடிந்துவிடும்; நாலு நாள் துள்ளிக்கொண்டிருந்தவை ஐந்தாம் நாள் ஒரேயடியாகத் தலை தொங்கின.

கோவர்த்தனனைக் கூப்பிட்டு அந்தக் கூண்டுக்கு முன்னால் நிறுத்தினேன். தாடி மழிக்காமல், பாதியாகச் சுருங்கியிருந்தார்.

"இதுங்களுக்கு என்னங்க மேடம்?"

"புரட்டாசிக் காய்ச்சல்."

அவருக்கு விளங்கவில்லை. மெல்லச் சொன்னேன். "கோழி தின்ன சாறு நம்மளுக்குள்ளேயும் வருது. ஆறு வருஷமா நம்ம வயித்துல இருக்கற கிருமியும் சும்மா கிடக்குது. சும்மா கிடந்து கிடந்து கூட்டம் மட்டும் பெருகிட்டே போகுது. சண்டையே வராததால உடம்பும் சண்டையை மறந்துபோச்சு. வாரத்துக்கு நாலு முட்டை தின்னுட்டு இருக்கறவரைக்கும் ஒண்ணுமில்லை. மூணு வாரம் நிறுத்தினா, மறிச்சிட்டு இருந்த சேதி போயிடுது. அத்தனையும் ஒரே நேரத்துல முழிச்சுக்குது."

அவர் கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"நானும்தானுங்களே விரதம் இருந்தேன்? எனக்கு வரலியே?"

பதில் அவரிடமே இருந்தது. தலையைத் தூக்காமல் சொன்னார்:

"புரட்டாசியிலயும் ஆலை கேன்டீன்ல ஆம்லெட் சாப்புடுவனுங்க. அவளுக்குத் தெரியாது. பாப்பா போன பொறவு பாருக்குப் போறேன். அங்கயும் அவிச்ச முட்டைதானுங்க தொட்டுக்கறதுக்கு. பாவம் பண்ணினவன் நான் குத்துக்கல்லாட்டம் நிக்கறேன். ஒழுங்கா இருந்தது அந்தப் புள்ள..."

பிறகு அவர் எதைக் கேட்கப்போகிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"அந்தப் பப்ஸை வாரத்துக்கு நாலு தரம் தின்னுருந்தா, பாப்பா இருந்துருக்குமுங்களா?"

"இருந்திருக்கும்" என்றேன். வேறென்ன சொல்ல?

அவர் தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். கூண்டுக்குள் கோழிகள் கண்ணை மூடித் திறந்தன.

நான் மேலிடத்துக்கும் எழுதினேன், சுகாதாரத் துறைக்கும் எழுதினேன். ஆலை நிறுவனத்தின் இயக்குநர் நல்ல மனிதர், உடனே போனில் கூப்பிட்டார். "சாறை நிறுத்திடலாமா டாக்டர்?" என்றார். "நிறுத்தினா ஊருக்கே பன்னிரண்டு மாசமும் புரட்டாசிதான் சார்" என்றேன். பிறகு விளக்கினேன். மெல்ல மெல்லக் குறைக்க வேண்டும், அதற்கு ஒரு தலைமுறை பிடிக்கலாம். அதுவரை இந்த நாடு முட்டையை விட முடியாது. சுகாதாரத் துறை, 'விரதம் இருப்போர் நாளொன்றுக்கு ஒரு முட்டையாவது உண்க' என்று அறிவித்தது. அவ்வளவுதான். புரட்டாசியிலும் வியாபாரம் பார்க்கக் கோழிக் கம்பெனிக்காரன் கட்டிவிட்ட கதை என்றார்கள். அதைக் கண்டுபிடித்தது ஒரு சபுரா பேகம் என்று தெரிந்ததும் சொல்லவே வேண்டாம். என் வண்டிக் கண்ணாடியை உடைத்தார்கள். கண்ணாடிக்காக நான் வருத்தப்படவில்லை. உடைத்தவர்கள் வீட்டுப் பிள்ளைகளை நினைத்துத்தான் வருத்தப்பட்டேன்.

இதெல்லாம் நடந்துகொண்டிருக்கும்போதே, நிவாவின் கருமாதிக்கு இரண்டு நாள் இருக்கையில் ரங்கநாயகி படுத்தாள்.

கோவர்த்தனன் என் வீட்டுச் சமையலறைக்கே வந்துவிட்டார். "இனி சென்மத்துக்கும் முட்டையைத் தொடமாட்டேன்னு பாப்பா போட்டோ மேல சத்தியம் பண்ணிப்போட்டாளுங்க. எம் புள்ளையத் தின்ன முட்டைங்கறா. என்ன சொல்லித் திங்க வெக்கறது?"

"உண்மையைச் சொல்லித்தான்."

"உண்மையா?" என்றார். "நீ புடிச்ச விரதந்தான் புள்ளையக் கொன்னுச்சுன்னு சொல்லட்டுங்களா? தோப்புக்கரணம் போட வெச்சு, மலையேத்தி, நீதான் கொன்னேன்னு சொல்லட்டுங்களா? சொல்லிப்போட்டு முட்டையை நீட்டினா, திம்பாளுங்களா மேடம்?"

தின்னமாட்டாள். எனக்கும் தெரியும். சொல்லாவிட்டால் காய்ச்சல் கொண்டுபோகும். சொன்னால் அந்தச் சொல்லே கொண்டுபோகும். படித்த படிப்பெல்லாம் அந்த இடத்தில் கைவிரித்துவிட்டது.

மஞ்சள் கருவைப் பொடியாக்கி, மருந்துக் கடையில் வாங்கிய காலிக் கேப்ஸ்யூல் கூடுகளில் அடைத்தேன். பார்த்தால் சாதாரணக் காய்ச்சல் மாத்திரை. கருமாதிக்கு முந்தின நாள் காலையில் அதை எடுத்துக்கொண்டு போனேன். கட்டிலில் ரங்கநாயகி இருப்பதே தெரியவில்லை, அப்படி ஒட்டிப்போயிருந்தாள். கோவர்த்தனன் டம்ளரில் தண்ணீரோடு நின்றார். தண்ணீர் தளும்பித் தரையில் சிந்திக்கொண்டிருந்தது.

அவள் மாத்திரையை வாங்கவில்லை. என் கையைத்தான் பிடித்தாள். சுட்டது.

"நீங்க பொய் சொல்ல மாட்டீங்க்கா. இதுல முட்டை இருக்குதுங்களா?"

அவளுக்குப் பின்னால் நின்ற மனிதன் என்னைப் பார்த்த பார்வையை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

"இல்லை" என்றேன்.

"நிவா மேல சத்தியமாங்க்கா?"

ஐந்து வேளை தொழுகிற வாய் இது. "சத்தியமா இல்லை" என்றேன். அல்லாஹ் என்னிடம் கணக்குக் கேட்டால் கேட்கட்டும், அவனுக்குத் தெரியாததா என்று நினைத்துக்கொண்டேன். அவள் கண்ணை மூடி விழுங்கினாள். மறுநாளும் விழுங்கினாள். பத்து நாளில் எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டாள்.

ஊர் முழுக்க அதிசயம் என்று பேசியது. விரதத்தின் மகிமை என்று அவள் வீட்டுக்கு வந்து பெண்கள் காலில் விழுந்து போனார்கள். அதைப் பார்த்து இரண்டு குடும்பங்கள் விரதத்தை நீட்டித்ததாகக் கேள்விப்பட்டு, ஓடிப்போய்க் கெஞ்சினேன். ஒரு வீட்டில் கேட்டார்கள். இன்னொரு வீட்டில் கதவைச் சாத்திவிட்டார்கள். அந்த வீட்டில் ஒரு பையன் போய்விட்டான். என் பொய் ஒருத்தியைக் காப்பாற்றி ஒருவனைக் கொண்டுபோனது. இதை எந்தத் தராசில் வைக்க?

ரங்கநாயகி சத்தியத்தை விடவில்லை. முட்டையும் கறியும் அவள் அடுப்பில் ஏறவில்லை. கோவர்த்தனன் மட்டும் ஒரு நாள் விட்டு ஒரு நாள் காலையில், "உடம்பு தேறற வரைக்கும் டாக்டரம்மா குடுக்கச் சொன்னாங்க" என்று மாத்திரையை நீட்டினார். குடியை விட்டுவிட்டார். முகத்தில் கொஞ்சம் ரத்தம் ஊறியது. தழைச்சாறு ஆலைக்கு வருவதும் தீவனத்தில் கலப்பதும் நடந்துகொண்டே இருந்தன. வேறு வழியில்லை.

தை மாதம் ஒரு மத்தியானம், கரும்பும் வாழைப்பழமும் கொண்டுவந்து கொடுத்தாள் ரங்கநாயகி. உட்காரச் சொன்னேன். கோவர்த்தனன் ஆலைக்குப் போயிருக்கிறாரா என்று கேட்டேன். வீட்டில்தான் இருக்கிறார், தூங்குகிறார் என்றாள். பிறகு சாதாரணமாக, தக்காளி விலை சொல்வதுபோல், கேட்டாள்:

"மஞ்சக் கருவை மட்டுந்தான் பொடி பண்ணுவீங்களாக்கா? வெள்ளை ஆகாதுங்களா?"

கரும்பை நறுக்கிக்கொண்டிருந்த கத்தியைக் கீழே வைத்தேன்.

"முத நாளே தெரியுமுங்க்கா. தொண்டை வறண்டு கெடந்துச்சு, மாத்திரை எறங்கலை, நாக்குலயே ஒடைஞ்சு போச்சு. அத்தனை நாள் விரதம் இருந்த நாக்குக்கு அந்த ருசி தெரியாதுங்களா?"

"துப்பியிருக்கலாமே, நாயகி" என்றேன்.

"துப்பத்தான் பாத்தேன். அவரு தண்ணி டம்ளரைப் புடிச்சுட்டு நின்னாரு. டம்ளரு ஆடிட்டு இருந்துச்சு. நானும் போயிட்டா இந்த மனுசன் ஒரு நாள் தாங்கமாட்டாருன்னு தோணுச்சு. முழுங்கிப்போட்டேன்." சேலைத் தலைப்பை விரலில் சுற்றினாள், பிரித்தாள். "சாமி கோவிச்சு என்னைக் கொல்லுமுன்னு பாத்தேன். காய்ச்சலு எறங்குச்சு. அப்பத்தானுங்க்கா எனக்கு எல்லாம் வெளங்குச்சு. முட்டை திங்காமத்தான் நான் சாகக் கெடந்தேன்னா, எம் புள்ள எதுனால போனா? அந்தக் கணக்கு எனக்கும் வருமுங்க."

நான் எழுந்து அவளைக் கட்டிக்கொண்டேன். அவள் அழவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. இந்த மூன்று மாதமும் இதை நெஞ்சில் வைத்துக்கொண்டு சோறு பொங்கியிருக்கிறாள், கோலம் போட்டிருக்கிறாள், காலில் விழ வந்த பெண்களுக்குத் துளசியும் குங்குமமும் கொடுத்து அனுப்பியிருக்கிறாள்.

"ஏன் சத்தியத்தை விடலை? நேரடியா முட்டையே சாப்பிடலாமே?"

"அவருக்குத் தெரிஞ்சு போயிருமேங்க்கா, எனக்குத் தெரியுமுன்னு. எம் புள்ளைய நானே கொன்னது எனக்குத் தெரியாதுன்னு நெனைச்சுட்டு இருக்கறதுலதான் அவரு தூங்கறாரு. தெரிஞ்சா மறுபடியும் பாருக்குப் போயிருவாரு. நீங்க சொல்லிராதீங்க்கா. அவருகிட்ட மட்டும் சொல்லிராதீங்க."

"நீ கொல்லலை நாயகி. தெரியாம நடந்தது. சாறைக் கலந்தவங்க நாங்க."

"செரிங்க்கா" என்றாள். நான் சொன்னது அவள் மேல் ஒட்டவில்லை என்று தெரிந்தது. நான் எத்தனை முறை சொன்னாலும் ஒட்டாது.

வெளியே செருப்புச் சத்தம் கேட்டது. கோவர்த்தனன் தூக்கம் கலைந்து, வேட்டியைச் சரிசெய்துகொண்டு வந்தார். சட்டைப்பையிலிருந்து மாத்திரையை எடுத்து அவளிடம் நீட்டினார். "காலையில மறந்துபோச்சு. போட்டுக்க" என்றார். நான் தண்ணீர் கொடுத்தேன். ரங்கநாயகி வாயில் போட்டு, தலையை அண்ணாந்து விழுங்கினாள். "கசப்பா இருக்குதுங்க. இன்னும் எத்தனை நாளைக்கு?" என்று முகத்தைச் சுளித்தாள். அவர் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தார். காலித் தட்டை எடுத்துக்கொண்டு அவள் முன்னால் நடந்தாள்.

அவள் மதிலைத் தாண்டும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கோவர்த்தனன் என் பக்கம் குனிந்து மெதுவாகக் கேட்டார்.

"அவளுக்கு ஒண்ணும் சந்தேகம் வரலீங்களே மேடம்?"

"இல்லை" என்றேன்.